விழாப் படப்பிடிப்புக்கு எந்த ஜூம் லென்ஸ்?

எங்கள் குடும்பத்துத் திருமண ஆல்பம் ஒன்றில் ஒரு பக்கத்தை மட்டும் அனைவரும் விரைந்து புரட்டிவிடுவோம். அதற்கு முந்தைய பக்கத்தில், தாலி வைத்த தட்டு பெரியவர்களின் ஆசிக்காக வரிசை வரிசையாகச் செல்கிறது. அடுத்த பக்கத்தில் தாலி மணமகளின் கழுத்தில் இருக்கிறது. இருவர் தலையிலும் அட்சதை கிடக்கிறது. இடையில் இருக்கும் படத்தில் நாத்தனாரின் தோளும் மங்கலான ஒரு கையும் மட்டுமே தெரிகின்றன. படம் எடுத்தவர் திறமை குறைந்தவர் அல்லர். கெட்டிமேளம் ஒலித்த வேளையில் அவர் கேமராவிலிருந்து ஒரு லென்ஸைக் கழற்றி மற்றொன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார். அவசரத்தில் எடுத்த முதல் படம் அது. அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டன.

பின்னர் கைகளை மறுபடியும் அவ்வாறே வைக்கச் சொல்லி ஒரு படம் எடுத்தார்கள். அதில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தாலி ஏறும் வேளையில் ஒருவரும் கேமராவைப் பார்ப்பதில்லை என்பது வீட்டார் அனைவருக்கும் தெரியும்.

விழாக்களைப் படம் பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் நம் வாடிக்கையாளர்களுள் பலர். ஒரு லென்ஸ் வாங்குவதற்காகக் கடன் விண்ணப்பத்துடன் கிளைக்கு வருகிறவர்களும் அவர்களுள் உண்டு. தொழிலைத் தொடங்கும் ஒருவருக்கு லென்ஸின் விலை பல மாத வருமானத்துக்கு நிகரானது. அதைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் தவணை மட்டும் மிஞ்சும். ஆகவே, ஒரே லென்ஸைக் கொண்டு பெரும்பாலான விழாக்களைச் சமாளிக்க விரும்பும் ஒருவர் எவற்றை எண்ணிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எல்லையோர ஊரின் விழாக்கள்

ஓர் ஊரை மனத்தில் வைத்துக்கொண்டால் இக்கணக்கு எளிதாகும். ராமகுப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், குப்பத்தை அடுத்துள்ள மண்டலத் தலைமையிடம் இது. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது திருப்பதி தனி மாவட்டமாயிற்று; குப்பம் பகுதி சித்தூர் மாவட்டத்திலேயே நீடித்தது. ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் மூலை இது. 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் குப்பத்தில்தான் அமைந்துள்ளது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் இப்பகுதியில் விழாப் படக்காரரின் வேலையும் பலவகைப்பட்டது.

ஒரு நாள் அவர் தமிழ்க் குடும்பத்தின் திருமணத்துக்குச் செல்கிறார். முகூர்த்தம் காலையில். பந்தலின் ஓரங்களிலிருந்து பகல் வெளிச்சம் சற்று வருகிறது. தாலி, அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல் என ஒன்றன்பின் ஒன்றாகச் சடங்குகள் நகர்கின்றன. இன்னொரு நாள் தெலுங்குக் குடும்பத்தின் திருமணம். முகூர்த்தம் நள்ளிரவிலோ விடியலுக்கு முன்போ அமைவது அங்கே இயல்பு. மணமக்களுக்கு இடையே திரை பிடித்திருக்கிறார்கள். சீரகமும் வெல்லமும் கலந்த விழுதை ஒருவர் தலையில் மற்றவர் வைக்கும் கணமே அங்கு முகூர்த்தம். மாங்கல்யம் அதற்குப் பின்னர்தான். தமிழ்த் திருமணங்களை மட்டுமே எடுத்துப் பழகியவர் தாலிக்காகக் காத்திருந்து உண்மையான முகூர்த்தத்தைத் தவறவிடக்கூடும்.

மே மாதம் வந்தால் கங்கையம்மன் திருவிழாக்கள். திருப்பதியில் தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரையின்போது ஒரு வாரம் பக்தர்கள் நாளுக்கொரு வேடமிட்டு வருவார்கள். ஆண்கள் பெண் வேடம் புனைவதும் உண்டு. எல்லைக்கு இப்புறம் குடியாத்தத்தில் வைகாசி முதல் நாளில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் நடைபெறும். குப்பத்திலும் கங்கம்மா ஜாத்திரை உண்டு. இவற்றில் எவரையும் 'சற்று நில்லுங்கள்' எனக் கேட்க இயலாது. கூட்டம் தள்ளும் திசையிலேதான் படக்காரரும் நகர வேண்டும். இவை தவிர, காதணி விழா, மஞ்சள் நீராட்டு, பள்ளி ஆண்டு விழா, கல்லூரிப் பட்டமளிப்பு ஆகியவையும் உள்ளன.

இவை அனைத்துக்கும் பொதுவான தன்மைகள் மூன்று: வெளிச்சம் நம் கையில் இல்லை, நாம் நிற்கும் இடம் நம் விருப்பப்படி அமைவதில்லை, நிகழ்ந்தது மீண்டும் நிகழ்வதில்லை. லென்ஸைத் தேர்ந்தெடுப்பதற்கான அளவுகோல்கள் இவையே.

ஜூம் லென்ஸ் தரும் வசதி

ஒரே குவியத் தூரம் கொண்ட லென்ஸில் உருவத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் நாம் முன்னே நடக்க வேண்டும். ஜூம் லென்ஸில் வளையத்தைத் திருப்பினால் போதும். நிழற்படக் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸ் 1959இல் ஜெர்மனியின் ஃபாய்க்ட்லாண்டர் நிறுவனத்தின் பெயரில் வெளிவந்த 'ஜூமார்'. அதன் வீச்சு 36 முதல் 82 மி.மீ. வரை, அதன் துளை அளவு எஃப் 2.8. இன்று விழாப் படக்காரர்கள் தேடும் லென்ஸும் ஏறக்குறைய இதே வீச்சும் இதே துளையும் கொண்டதுதான் என்பது கவனிக்கத்தக்கது. மனிதர்கள் கூடும் இடத்தில், மனிதர்களை எடுக்கத் தேவைப்படும் அளவு இது.

நீண்ட காலம் ஜூம் லென்ஸின் தெளிவு ஒற்றைக் குவிய லென்ஸுக்கு ஈடாகாது எனக் கருதப்பட்டது. இன்று நல்ல ஜூம் லென்ஸுகளைப் பொறுத்தவரை அவ்வேறுபாட்டை ஆல்பத்தில் காண்பது அரிது. விழாவில் லென்ஸ் மாற்றுவதால் தவறிப்போகும் படமே பெரிய இழப்பு. மணல் பறக்கும் ஜாத்திரைத் தெருவிலும், அட்சதையும் மஞ்சள் தூளும் சிதறும் மணவறையிலும் கேமராவின் வாயைத் திறந்தால் சென்சாரில் தூசு படியும் என்பதையும் மறக்கலாகாது.

லென்ஸின் மேலுள்ள எண்கள்

லென்ஸின் விளிம்பில் இரண்டு வகை எண்கள் இருக்கும். 24–70 என்பது குவியத் தூரத்தின் வீச்சு. சிறிய எண் அகன்ற காட்சியைத் தரும். பெரிய எண் தொலைவிலுள்ளதை அருகே கொணரும். எஃப் 2.8, எஃப் 4 என்பவை ஒளி நுழையும் துளையின் அளவைக் குறிப்பவை. இங்கே எண் சிறிதானால் துளை பெரிது. எஃப் 2.8இலிருந்து எஃப் 4க்குச் சென்றால் ஒளி பாதியாகும், எஃப் 5.6க்குச் சென்றால் கால் பங்காகும்.

இதைக் கல்யாண மண்டபத்தில் பொருத்திப் பார்ப்போம். எஃப் 2.8இல், வினாடியில் 125இல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில், ஐ.எஸ்.ஓ. 3200 வைத்தால் சரியான வெளிச்சத்தில் படம் கிடைக்கிறது என்று கொள்வோம். அதே இடத்தில் எஃப் 4 லென்ஸுக்கு ஐ.எஸ்.ஓ. 6400 வேண்டும். எஃப் 5.6 லென்ஸுக்கு 12800 வேண்டும். ஐ.எஸ்.ஓ. உயர உயரப் படத்தில் புள்ளிகள் மிகும். பட்டுப் புடவையின் சரிகை மங்கும். முகத்தின் நிறம் மாறும். ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தாமல் ஷட்டர் வேகத்தைக் குறைத்தால், முடிச்சுப் போடும் விரல்கள் கலங்கிவிடும்.

கேமராவுடன் சேர்த்து விற்கப்படும் 18–55 லென்ஸின் மீது எஃப் 3.5–5.6 என எழுதியிருக்கும். அகன்ற முனையில் 3.5, ஜூம் செய்து 55க்குச் சென்றால் 5.6. அதாவது, மணமகளின் முகத்தை நெருக்கமாக எடுக்க ஜூம் செய்யும்போது, ஒளி மிகவும் தேவைப்படும் அந்த வேளையில், லென்ஸ் இருண்டுவிடுகிறது. வீச்சு முழுவதும் ஒரே துளை அளவைத் தக்கவைத்துக்கொள்ளும் லென்ஸ் விலை கூடியதாக இருப்பதன் பொருள் இதுவே.

லென்ஸில் அதிர்வு தடுக்கும் வசதி இருந்தால் எஃப் எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சிலர் கூறுவர். அது பாதி உண்மை. அவ்வசதி நம் கையின் நடுக்கத்தைத் தடுக்கும். குத்துவிளக்கையும் கோலத்தையும் குறைந்த ஷட்டர் வேகத்தில் தெளிவாக எடுக்க உதவும். அட்சதை தூவும் கையின் அசைவை அது நிறுத்தாது. எதிரே இருப்பவர் அசைந்தால் ஒளி ஒன்றே உதவும்.

ஃபிளாஷ் இருக்கிறதே என்னும் கேள்வியும் எழும். வெள்ளைக் கூரையுள்ள மண்டபத்தில் ஃபிளாஷை மேல்நோக்கித் திருப்பினால் மென்மையான ஒளி கிடைக்கும். ஊர்ப்புறத்தில் வீட்டு வாசலில் போடும் ஷாமியானாவின் நிலை வேறு. சிவப்பும் மஞ்சளுமான துணியில் பட்டுத் திரும்பும் ஒளி முகங்களையும் அவ்வண்ணமாக்கிவிடும். திறந்த வெளியிலோ ஒளியைத் திருப்பி அனுப்பக் கூரையே இல்லை.

கேமராவின் அளவும் லென்ஸின் அளவும்

பலர் தவறும் இடம் இது. 24–70 என்னும் எண்ணின் பயன் கேமராவின் சென்சாரைப் பொறுத்து மாறும். ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36 மி.மீ. அகலமுடையது. ஏ.பி.எஸ்-சி வகைக் கேமராவில் அது அதைவிடச் சிறியது. அங்கே லென்ஸின் எண்ணை ஏறத்தாழ 1.5ஆல், கேனான் கேமராவாயின் 1.6ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். சிறிய சென்சார் கொண்ட கேமராவில் 24–70 லென்ஸைப் பொருத்தினால், அது 36–105 போலச் செயல்படும். முகங்களுக்கு நன்று. ஆனால், சிறிய வீட்டின் கூடத்தில் நடக்கும் நலங்குக்குள் குடும்பம் முழுவதையும் அடக்க அதனால் இயலாது. அக்கேமராவுக்கு 17 அல்லது 18 மி.மீ.யில் தொடங்கும் லென்ஸே பொருத்தம்.

எவ்வளவு அகலம் படத்தில் அடங்கும் என்பதைக் கடைக்குப் போகும் முன்பே கணக்கிடலாம். ஃபுல் ஃபிரேம் கேமராவைக் கிடைமட்டமாகப் பிடிக்கும்போது, 36ஐத் தூரத்தால் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால் அகலம் கிடைத்துவிடும். மணவறையிலிருந்து 3 மீட்டர் தொலைவில் நிற்கிறோம் எனில், 24 மி.மீ.யில் 4.5 மீட்டர் அகலம் அடங்கும்: மணமக்கள், பெற்றோர், புரோகிதர், அக்னி அனைவரும் உள்ளே. 70 மி.மீ.யில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்: மணமக்கள் இருவர் மட்டும். இவ்விரண்டுக்கும் நடுவே திருமணத்தின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

பள்ளி ஆண்டு விழாவில் மேடையிலிருந்து 8 மீட்டர் தள்ளி நிற்கிறோம் எனில், 70 மி.மீ.யில் சுமார் 4 மீட்டரும், 105 மி.மீ.யில் 2.7 மீட்டரும், 200 மி.மீ.யில் 1.4 மீட்டரும் அடங்கும். நடனமாடும் ஒரு குழந்தையின் முகம் வேண்டுமானால் 70 போதாது என்பது இக்கணக்கிலிருந்தே புலப்படும். நாம் வழக்கமாக நிற்கும் தூரத்தை அடியால் அளந்து மீட்டராக்கிக்கொண்டால், எந்த லென்ஸ் நமக்கு வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை.

கடையில் காணும் தெரிவுகள்

ஃபுல் ஃபிரேம் கேமரா வைத்திருப்போருக்கு விழாப் படப்பிடிப்பின் அடிப்படை லென்ஸ் எனப் பெயர் பெற்றது 24–70 எஃப் 2.8. மண்டபத்தின் மங்கிய வெளிச்சம், நெருக்கமான மணவறை ஆகிய இரண்டுக்கும் அது ஏற்றது. எடைதான் குறை. நிக்கானின் மிரர்லெஸ் கேமராவுக்கான இவ்வகை லென்ஸின் முதல் பதிப்பு 805 கிராம். சோனி 2022இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பு 695 கிராம். அதன் முதல் பதிப்பு 886 கிராம். மாலை வரவேற்பில் தொடங்கி மறுநாள் முகூர்த்தம்வரை கையில் கேமராவுடன் நிற்பவருக்கு 200 கிராம் குறைவது பெரும் ஆறுதல்.

விலையும் எடையும் குறைவாக வேண்டுவோர் 28–75 எஃப் 2.8 வகையைக் கருதலாம். டாம்ரான் நிறுவனம் 2018இல் சோனி கேமராக்களுக்காக வெளியிட்ட இவ்வகை லென்ஸின் எடை 550 கிராம் மட்டுமே. 24க்கும் 28க்கும் உள்ள வேறுபாடு சிறிதெனத் தோன்றும். 3 மீட்டர் தூரத்தில் அது அரை மீட்டருக்கும் மேற்பட்ட அகலம். குழுப் படத்தின் ஓரத்தில் நிற்கும் ஒருவர் வெளியே போய்விடுவார். பின்னால் நகர இடமிருந்தால் அக்குறை பெரிதன்று.

24–105 எஃப் 4, 24–120 எஃப் 4 ஆகியவை மற்றொரு வழி. ஒளியில் பாதியை விட்டுக்கொடுத்து வீச்சைக் கூட்டிக்கொள்கிறோம். பகலில் நடக்கும் ஊர்வலம், பட்டமளிப்பு, திறப்பு விழா ஆகியவற்றுக்கு இவை மிகப் பொருத்தமானவை. காலை முகூர்த்தங்களே மிகுதியாக எடுப்பவரும் இவற்றைக் கொண்டு நிறைவாகப் பணியாற்றலாம். நள்ளிரவு முகூர்த்தங்கள் மிகுதி எனில், எஃப் 2.8 பக்கமே மனம் சாய வேண்டும்.

இரண்டையும் சேர்த்துத் தரும் லென்ஸுகளும் வந்துவிட்டன. டாம்ரானின் 35–150 எஃப் 2–2.8, 2021இல் வெளிவந்தது. கேனானின் 24–105 எஃப் 2.8, 2023இல் வெளிவந்தது. முன்னதன் எடை 1165 கிராம். பின்னது 1330 கிராம். அவற்றின் விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. 35இல் தொடங்கும் லென்ஸுக்கு நெருக்கடியான இடத்தில் துணை லென்ஸ் ஒன்று வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஏ.பி.எஸ்-சி கேமராவுடன் தொழில் தொடங்குவோர் கேமராவை மாற்றும் முன் லென்ஸை மாற்றுவதே அறிவுடைமை. டாம்ரானின் 17–70 எஃப் 2.8 ஃபுல் ஃபிரேம் கணக்கில் ஏறத்தாழ 25–105 வீச்சைத் தரும். அதன் எடை 525 கிராம். சிக்மாவின் 18–50 எஃப் 2.8 வெறும் 290 கிராம். பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கு 17–50 எஃப் 2.8 வகை லென்ஸுகள் பயன்படுத்தப்பட்டவையாகச் சந்தையில் கிடைக்கின்றன. கேமராவுடன் வந்த 18–55இலிருந்து இவற்றுக்கு மாறும்போது, ஜூம் செய்த முனையில் நான்கு மடங்கு ஒளி கிடைக்கிறது. புதிய கேமரா வாங்குவதைவிட இது குறைந்த செலவில் கிட்டும் பெரிய முன்னேற்றம்.

18–200, 28–200 போன்ற நீண்ட வீச்சுடைய லென்ஸுகள் கண்ணைக் கவரும். பயணத்துக்கும் பகல் திருவிழாவுக்கும் அவை நல்லவை. ஆனால், நீண்ட முனையில் அவற்றின் துளை எஃப் 5.6 அளவுக்குச் சுருங்கிவிடும். இரவு முகூர்த்தத்தை நம்பி ஒப்படைக்கும் குடும்பத்துக்கு அது போதுமானதன்று.

எஃப் 2.8 வாங்கிவிட்டோம் என்பதற்காக எப்போதும் அதிலேயே எடுக்கவும் கூடாது. மூன்று வரிசையாக நிற்கும் உறவினர் படத்தில் எஃப் 2.8 வைத்தால், முன் வரிசை தெளிந்து பின் வரிசை மங்கிவிடும். அங்கே எஃப் 5.6 அல்லது 8 வேண்டும். பெரிய துளை என்பது தேவைப்படும் வேளைக்கான கையிருப்பு.

இங்குக் குறிப்பிட்ட நிறுவனங்களின் பெயர்கள் எடுத்துக்காட்டுக்காகவே; எந்தப் பொருளையும் நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

நம் பழைய படங்களே சான்று

எந்த லென்ஸ் என்னும் கேள்விக்கு மிகச் சிறந்த விடை நம் கணினியிலேயே இருக்கிறது. டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்துடனும் அதை எடுத்த குவியத் தூரம், துளை, ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. ஆகியவற்றைப் பதிவு செய்துவிடுகிறது. கடைசியாக எடுத்த ஐந்து விழாக்களிலிருந்து, ஆல்பத்தில் இடம்பெற்ற படங்களை மட்டும் திறந்து, அவற்றின் எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான படங்கள் லென்ஸின் நீண்ட முனையிலேயே எடுக்கப்பட்டிருந்தால், நமக்கு வீச்சு போதவில்லை என்று பொருள். அகன்ற முனையிலேயே குவிந்திருந்தால், நெருக்கமான இடங்களிலேயே நம் வேலை. ஐ.எஸ்.ஓ. எண்கள் மிக உயர்ந்திருந்தால் ஒளியே நம் குறை. ஆல்பத்தில் சேராமல் ஒதுக்கிய படங்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும். எதனால் ஒதுக்கினோம்? கலங்கியதாலா, தொலைவில் நின்றதாலா, ஓரம் வெட்டுப்பட்டதாலா? அந்த விடையே நாம் வாங்க வேண்டிய லென்ஸின் பெயர்.

அதன் பின்னும் ஐயமிருந்தால், தேர்ந்தெடுத்த லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஒரு விழா முழுவதும் பயன்படுத்திப் பார்க்கலாம். மாலையில் தோளும் மணிக்கட்டும் சொல்லும் தீர்ப்பை எந்த விளம்பரமும் சொல்லாது.

பயன்படுத்திய லென்ஸை வாங்கும்போது

பழைய லென்ஸை நம்பிக்கையுடன் வாங்கலாம்; ஆனால் பரிசோதித்து வாங்க வேண்டும். லென்ஸைக் கழற்றி, ஒரு முனையில் கைபேசி விளக்கைக் காட்டி மறுமுனையில் பார்த்தால், உட்கண்ணாடியில் பூஞ்சை படர்ந்திருப்பது சிலந்தி வலை போலத் தெரியும். அத்தகைய லென்ஸைத் தவிர்ப்பது நலம். உள்ளே ஓரிரு தூசித் துகள் இருப்பது குற்றமன்று. ஜூம் வளையம் சிக்காமல் திரும்புகிறதா, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் தானாக நீண்டு இறங்குகிறதா, மங்கிய அறையில் முகத்தின் மீது விரைந்து குவிகிறதா என்பவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு சுவரொட்டியை எஃப் 2.8இல் எடுத்து நான்கு மூலைகளின் தெளிவையும் ஒப்பிட்டால், கீழே விழுந்து கோணிய லென்ஸ் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

புதிய லென்ஸாயினும், உள்நாட்டு உத்தரவாத அட்டையும் முறையான ரசீதும் இல்லாமல் மலிவாகக் கிடைப்பதை நாட வேண்டாம். ரசீதில் உள்ள வரிசை எண்ணே காப்பீட்டுக்கும் பழுது நீக்கத்துக்கும் பின்னாளில் விற்பதற்கும் ஆதாரம். மழைக்காலத்தில் லென்ஸைத் தோல் பையில் அடைத்து வைக்காமல், காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்தால் பூஞ்சை அணுகாது.

தவணையும் முகூர்த்த நாட்களும்

இனிப் பணக் கணக்கு. 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தின் கீழ், சிறு தொழில் செய்வோர் பிணையின்றிக் கடன் பெறலாம். 50,000 ரூபாய் வரை 'சிசு', அதற்கு மேல் 5 லட்சம் வரை 'கிஷோர்', 10 லட்சம் வரை 'தருண்' எனப் பிரிவுகள் உள்ளன. நிழற்படக் கூடம் நடத்துவோர் உத்யம் இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொண்டால், தொழிலுக்கு ஓர் அடையாளம் கிடைக்கும். சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு உள்ளவர்கள் ரசீதைத் தொழிலின் பெயரிலேயே பெற்றால், செலுத்திய வரிக்கு உள்ளீட்டு வரவு கோரலாம்.

கணக்கின் வடிவத்தைக் காண ஓர் எடுத்துக்காட்டு. ஒரு லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 24 மாதங்களுக்குப் பெற்றதாகக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 4,707 ரூபாய். மொத்த வட்டி 13,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதையே 36 மாதங்களாக்கினால் தவணை 3,321 ரூபாயாகக் குறையும். வட்டி 19,500 ரூபாயைத் தாண்டும். ஒரு நிகழ்ச்சியில் எல்லாச் செலவும் போக 3,000 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், முதல் தெரிவில் மாதம் இரண்டு நிகழ்ச்சிகள் தவணைக்கே போய்விடும். வீட்டுச் செலவுக்கு மூன்றாவது நிகழ்ச்சியிலிருந்துதான் வருமானம் தொடங்குகிறது.

ஆனால் முகூர்த்த நாட்கள் மாதந்தோறும் சமமாக வருவதில்லை. தமிழர்கள் ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் வைப்பதில்லை. தெலுங்கர்கள் ஆஷாடத்திலும் புஷ்யத்திலும் வைப்பதில்லை. தெலுங்கர் பின்பற்றுவது சந்திர மாதக் கணக்கு. நமது சூரிய மாதக் கணக்கு. ஆதலால் இரண்டும் முழுமையாகப் பொருந்துவதில்லை. ஆஷாடம் முடிந்து சிராவணம் பிறந்து தெலுங்கு வீடுகளில் மேளம் ஒலிக்கத் தொடங்கும்போது, பெரும்பாலும் தமிழர்களுக்கு ஆடி முடிந்திருக்காது. இரு மொழிக் குடும்பங்களுக்கும் படம் எடுக்கும் எல்லையோரக் கலைஞருக்கு இது ஒரு நற்பேறு. அவரது வெற்று நாட்கள் சற்றுக் குறைவு.

எனினும் ஆண்டில் இரண்டு மாதங்களாவது வருமானமின்றிப் போகும் எனக் கொள்வதே பாதுகாப்பானது. மேற்சொன்ன தவணையில் அவ்விரு மாதங்களுக்கு 9,414 ரூபாய் தேவை. வருமானம் உள்ள பத்து மாதங்களிலும் மாதம் 950 ரூபாயைத் தொடர் வைப்புக் கணக்கில் ஒதுக்கினால் அத்தொகை சேர்ந்துவிடும். லென்ஸ் வாங்கும் நாளிலேயே இந்தக் கணக்கையும் தொடங்கிவிட வேண்டும் என்பது எங்கள் அறிவுரை. தவணை தவறினால் கடன் மதிப்பெண் குறையும். அடுத்த கேமராவுக்குக் கடன் கேட்கும்போது அது தடையாகும்.

வாடகையுடன் ஒப்பிடுவதும் நன்று. ஒரு நாள் வாடகை 1,000 ரூபாய் என்றால், வட்டியுடன் சேர்த்து மேற்சொன்ன லென்ஸின் விலை 113 நாள் வாடகைக்குச் சமம். ஆண்டுக்கு 40 விழாக்கள் எடுப்பவருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் லென்ஸ் சொந்தமாகும். அதன் பின்னும் நல்ல விலைக்கு விற்கலாம். ஆண்டுக்குப் பத்து விழாக்கள் எடுப்பவர், தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுத்து, அந்தப் பணத்தில் ஒரு மாற்று பேட்டரியும் மெமரி கார்டும் வாங்கிக்கொள்வது மேல்.

கேமராவுடன் வந்த பழைய 18–55ஐ விற்றுவிட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். புதிய லென்ஸ் கீழே விழுந்து உடையும் நாள் முகூர்த்த நாளாகவே இருக்கும். அன்று பையின் அடியில் கிடக்கும் அந்தச் சிறிய லென்ஸ் ஒரு குடும்பத்தின் ஆல்பத்தைக் காப்பாற்றும்.

படக்காரரை அமர்த்தும் குடும்பத்தினருக்கும் ஒரு சொல். முன்பணம் கொடுக்கும்போது ஆல்பத்தின் தாள் தடிமனைக் கேட்பதுடன், இரவு முகூர்த்தம் ஒன்றில் அவர் எடுத்த படங்களையும் காட்டச் சொல்லுங்கள். எந்தச் சடங்கு எப்போது, அதில் முதன்மையான கணம் எது என்பதை ஒரு தாளில் எழ்தித் தாருங்கள். முகூர்த்த வேளையில் மணவறையின் முன்னே அவர் நிற்க ஓரடி இடம் விடச் சொல்லி, உறவினர் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள்.

எங்கள் ஆல்பத்தின் அந்தப் பக்கத்தை இனி மாற்ற இயலாது. அன்று அந்தக் கலைஞரிடம் 24 முதல் 70 வரை செல்லும் ஒரு லென்ஸ் இருந்திருந்தால், வளையத்தை ஒரு விரற்கடை திருப்பியிருப்பார். முடிச்சு விழுவது படத்தில் இருந்திருக்கும். அடுத்த முகூர்த்தத்துக்குப் புறப்படும் கலைஞர்கள் இவ்வளவு கணக்கும் போட்டுப் பார்த்து, தம் கண்ணுக்கும் கைக்கும் வருமானத்துக்கும் ஏற்ற லென்ஸுடன் புறப்பட வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.